பாடினவர் பங்கு: பதிப்புரிமையும் நம் சபைகளும்

நெகேமியா 13-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு செய்தி உளது. நம் பிரசங்கங்களில் அது அருமையாகவே எடுத்தாளப்படும். லேவியருக்கும் பாடகருக்கும் உரிய பங்கு கொடுபடாமற்போகவே, அவர்கள் ஆலயப் பணியை விட்டுத் தத்தம் வயல்களுக்கு ஓடிப்போயினர் என்பதே அச்செய்தி. நெகேமியா பாடகரின் பக்திக் குறைவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதிகாரிகளைக் கடிந்துகொண்டார், போனவர்களைக் கூட்டிவந்து அவரவர் நிலையில் நிறுத்தினார், பண்டகசாலைக்குத் தசமபாகம் வந்து சேரும்படி செய்தார். பாட்டுக்கும் பிழைப்புக்கும் உள்ள தொடர்பை மறைக்காமற் பேசும் பகுதி இது.

இதனை அண்மையில் மீண்டும் எடுத்துப் படிக்கும் தேவை நமக்கு நேர்ந்தது. இராசிபுரத்திற்கு அருகே ஒரு சிற்றூர்ச் சபையார், தங்கள் அறுப்பின் பண்டிகை ஆராதனையைக் கைபேசியில் பதிந்து யூடியூபில் ஏற்றினர். அதில் அவர்கள் பாடியது தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை. சில நாட்களில், இப்பதிவின் இசைக்கு ஒரு நிறுவனம் உரிமை கோருகிறது என்று அறிவிப்பு வந்தது. சபை மூப்பர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நம்மிடம் வந்தார். "ஏனுங்கய்யா, சாஸ்திரியார் பாட்டுக்கு இப்ப யாருக்குங்க காசு கட்டறது? நம்மளுதுன்னு நெனச்சுப் பாடிப்போட்டமுங்க" என்றார். அவர் கேட்டது எளிய கேள்வி. ஆயினும் அதற்கு விடை சொல்லப் புகுந்தபோது, பதிப்புரிமை பற்றிக் குருமார்களாகிய நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது தெரியவந்தது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'காப்புரிமை' என்றே பலரும் இதனை வழங்குகின்றனர். அது புதிய கருவிகளைக் கண்டுபிடிப்போருக்குரிய உரிமையின் பெயர். நூலுக்கும் பாட்டுக்கும் உரியது பதிப்புரிமை. இந்தியாவில் இதனை ஆள்வது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமாகும்.

ஒரு பாட்டை நாம் ஒன்றாகவே கேட்கிறோம். சட்டமோ அதனைப் பலவாகப் பிரித்துப் பார்க்கிறது. சொற்கள் ஓர் ஆக்கம். மெட்டு மற்றோர் ஆக்கம். அவற்றைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மூன்றாவது ஆக்கம். பாடினவரின் குரலுக்குத் தனி உரிமையும் உண்டு. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமை, ஆக்கியோன் வாழ்நாளும் அவன் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும்; 1992-க்கு முன் இது 50 ஆண்டாக இருந்தது. ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியிட்ட ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. சாஸ்திரியார் 1864-இல் மறைந்தார். அவர் சொற்கள் எவருக்கும் தனிச்சொத்தல்ல. ஆனால் அதே கீர்த்தனையைச் சென்ற ஆண்டு ஒருவர் வாத்தியங்களுடன் பதிந்து வெளியிட்டிருந்தால், அந்தப் பதிவு அவருடையது.

இராசிபுரத்தில் நிகழ்ந்தது என்னவெனில், யூடியூபில் 2007 முதல் இயங்கிவரும் ஒப்புநோக்கும் பொறி, சபையார் பாடிய மெட்டையும் நிறுவனம் பதிந்த மெட்டையும் ஒன்றெனக் கொண்டுவிட்டது. பொறிக்கு ஒலியின் சாயல் தெரியும். சாஸ்திரியார் மறைந்த ஆண்டு தெரியாது. மறுப்பு எழுதி அனுப்ப அங்கேயே வழியுண்டு. சொற்களும் மெட்டும் பழமையானவை, பாடினவர்கள் எங்கள் சபையாரே என்று எழுதச் சொன்னோம். சில வாரங்களில் கோரிக்கை நீங்கிற்று. காசும் கட்டவில்லை. மூப்பர் மகிழ்ந்து போனார். நமக்கோ அத்துடன் மனம் ஓயவில்லை. ஏனெனில், அதே ஆராதனையில் பாடப்பட்ட வேறு இரண்டு பாடல்கள் இன்று உயிரோடிருக்கும் ஒருவர் எழுதியவை. அவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, பொறி உட்பட.

பாட்டெழுதுவோன் கூலி வாங்கிக்கொண்டு மறைந்துபோவது நம் சேலத்திற்குப் புதிதன்று. ஏற்காடு சாலையில் இன்று நுழைவாயில் வளைவாக மட்டும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், 1930-களின் நடுவில் டி. ஆர். சுந்தரத்தால் நிறுவப்பட்டது. 1938-இல் மலையாளத்தின் முதற் பேசும் படமாகிய 'பாலன்' அங்கிருந்தே வந்தது. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அது எடுத்தது. ஓர் ஆலையை நடத்துவதுபோல் சுந்தரம் அதை நடத்தினார் என்பர். நேரந்தவறாமை, கண்டிப்பு, திட்டமிட்ட செலவு இவற்றுக்கு அது பெயர்பெற்றது. எழுத்தாளரும் இசைக்கலைஞரும் பலர் அங்கே மாதச் சம்பளத்தில் வேலைபார்த்தனர். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய மு. கருணாநிதியும் கண்ணதாசனும் அவ்வளாகத்தில் பணியாற்றியவர்களே.

மாதச் சம்பளம் என்பது அக்காலக் கலைஞனுக்குச் சிறிய காரியமன்று. நாடகக் குழுக்களில் அரைவயிறு உண்டு அலைந்தவனுக்கு முதல் தேதியில் கையில் பணம் கிடைத்தது. ஆதலால் அம்முறையை முற்றிலும் பழித்தல் நேர்மையாகாது. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வேலை ஒப்பந்தத்தின்கீழ் ஆக்கியது முதலாளிக்கே உரியது என்பது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. படம் ஓடி முடிந்த பின்னும் பாட்டு இசைத்தட்டில் ஓடிற்று, வானொலியில் ஓடிற்று, தேர்த் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் ஓடிற்று. அந்த ஓட்டத்தில் சம்பளக்காரனுக்குப் பங்கில்லை. இதைச் சுந்தரம் ஒருவரின் குறையாகக் கொள்ளல் தவறு. அன்றைய திரைத்தொழில் முழுவதும் அப்படித்தான் நின்றது.

1977-இல் உச்சநீதிமன்றம் இந்நிலையை உறுதிசெய்தது. இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைகளுக்காக 1969-இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கத்திற்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்திற்கும் இடையே நடந்த வழக்கு அது. கூலி கொடுத்துப் படத்திற்கென ஆக்குவித்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், தயாரிப்பாளரே உரிமையாளர் எனத் தீர்ப்பாயிற்று. நீதியரசர் கிருஷ்ண ஐயர் உடன்பட்டெழுதிய சிறு குறிப்பில், பாடகனுக்கு நம் சட்டத்தில் உரிமையே இல்லாதிருப்பதைச் சுட்டிக்காட்டினார். பாடகருக்கு நிகழ்த்துவோர் உரிமை 1994-இல் வந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனினும் முக்கியமானது. படம் கொட்டகையில் ஓடுவது நீங்கலாக, வேறெவ்வகையில் பாட்டு பயன்பட்டாலும் வரும் ராயல்டியில், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமை பெற்றவரோடு சமபங்கு பெறுவர். இப்பங்கைத் தம் வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்திற்கோ அன்றி வேறெவருக்கும் எழுதிக்கொடுக்கவும் இயலாது. வறியவன் ஒருவன் அவசரத்தில் கையெழுத்திட்டுத் தன் பிள்ளைகளின் பங்கை இழந்துவிடாதபடி சட்டம் போட்ட வேலி இது. முதற்பேறானவனின் உரிமையை ஒருவேளை உணவுக்கு விற்றவனின் கதையை அறிந்த நாம், இவ்வேலியின் அருமையை எளிதில் உணரலாம்.

2017-இல் இளையராஜா தம் பாடல்களை மேடையில் பாடியதற்காக எஸ். பி. பாலசுப்பிரமணியத்திற்கு வழக்குரைஞர் வாயிலாக அறிவிப்பு அனுப்பியபோது, நம் குருமார் கூட்டங்களிலும் அது விவாதமாயிற்று. பணத்தாசை என்றனர் பலர். புகழ்பெற்ற ஒருவரைக் கொண்டே இதை அளப்பதால் வரும் பிழை அது என நாம் கருதுகிறோம். அவருக்குப் பொருந்தும் சட்டமே பெயர் தெரியாத பாடலாசிரியனுக்கும் பொருந்துகிறது. அவன் சார்பில் அறிவிப்பு அனுப்ப வழக்குரைஞர் இல்லை என்பதே வேறுபாடு.

இதற்கு எதிர்ப்புறமாகவும் ஒரு வழக்கு நம்மிடையே உண்டு. பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை கைமாறிக் கைமாறி ஏ. வி. மெய்யப்பனை அடைந்தது. 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் அப்பாடல்கள் நாடெங்கும் பரவின. பிறர் பாடினாலோ உரிமை குறுக்கே நின்றது. நாட்டின் பாட்டைத் தனியொருவர் பூட்டிவைக்கலாமோ எனக் கிளர்ச்சி எழுந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1949-இல் அரசு அவ்வுரிமையைப் பெற்றது, மெய்யப்பனும் விட்டுக்கொடுத்தார். 1955-இல் அப்பாடல்கள் பொதுமக்களுக்கென விடப்பட்டன. பின்னர் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுள், மோகனூரில் 1888-இல் பிறந்து 1972-இல் மறைந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நூல்களும் உள. நாட்டுடைமையாக்கும் முறையில் அரசு குடும்பத்திற்கு ஒரு தொகை அளிக்கிறது. நூல் யாவருக்கும் உரியதாகிறது. பாட்டு பொதுவாகவேண்டும், பாட்டெழுதியவன் வீட்டில் அடுப்பும் எரியவேண்டும் என்னும் இரு நியாயங்களையும் ஒருங்கே கருதிய ஏற்பாடாக இதனைக் காண்கிறோம்.

நம் சபைகளில் முதல் நியாயம் வலுத்துப் பேசப்படுகிறது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்து 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு ஐயர், மாணவர் 'பரட்டை' என அழைத்தவர், கிராமிய இசையில் வழிபாட்டை அமைத்தவர். கிராமத்தார் ஒரு பாட்டைத் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிப் பாடுவதே அது உயிரோடிருப்பதற்கு அடையாளம் என்பது அவர் கொள்கை. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கூத்திலும் இப்படியே. வாத்தியாரிடம் கேட்டுப் பழகியதைச் சீடன் தன் தொண்டைக்கேற்ப விரிக்கிறான்; எவன் எதைச் சேர்த்தான் என்று கணக்கு வைப்பார் இல்லை.

ஆனால் கருவி நடுவே வந்தபின் அக்கணக்கு வேறாகிவிடுகிறது. 1980-களில், நாம் மாணவராயிருந்தபோது, வெற்றுக் கேசட்டில் வேண்டிய பாடல்களைப் பதிந்து தரும் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன; கிறிஸ்தவப் பாடல்களையும் நாம் அங்கேதான் பதிந்துகொண்டோம், மனச்சாட்சி சிறிதும் உறுத்தவில்லை. பின்னர் குறுந்தகடு வந்தது. இன்று விடியவிடிய ஆடும் கூத்தைக் கைபேசியில் பிடித்து ஒருவர் இணையத்தில் ஏற்றுகிறார். பார்ப்போர் பெருகினால் விளம்பர வருவாய் ஏற்றியவருக்கு. ஆடியவர் பேசிய கூலியோடு காலைப் பேருந்தில் வீடு திரும்புகிறார். அக்கலைஞருக்கும் நிகழ்த்துவோர் உரிமை உண்டென்று சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்லுகிறது. அதை அவருக்குச் சொல்பவர் யார்? பறையும் தவிலும் அடிப்போர் பலர் நம் சபைகளிலேயே உறுப்பினராயிருக்க, இக்கேள்வி நமக்கு அப்பாற்பட்டதன்று.

செயற்கை நுண்ணறிவு இதனை இன்னும் ஒருபடி கொண்டுபோயிற்று. 2024-இல் 'லால் சலாம்' படத்திற்காக ஏ. ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவர் குரலையும் பொறியால் மீட்டுப் பாடவைத்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். அதே ஆண்டு மும்பை உயர்நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் இசைவின்றிப் போலிசெய்வதைத் தடுத்து இடைக்கால ஆணையிட்டது. கேட்டுப் பெறுவதும் கேளாமல் எடுப்பதுமாகிய இரு வழிகளும் ஓராண்டிலேயே நம் கண்முன் நின்றன.

இனிக் குருமார் அறியவேண்டியதற்கு வருவோம். ஆராதனையில் எந்தப் பாட்டையும் பாடலாம். மெய்யான சமயச் சடங்கின்போது பாடுதலும் ஒலிப்பதிவை ஒலிக்கச்செய்தலும் உரிமை மீறலாகாது என 52-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தைச் சார்ந்த விழாக்களும் இதில் அடங்கும். ஆகவே ஞாயிறு காலையில் எவரும் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் இவ்விலக்கு பாட்டுப் புத்தகம் அச்சிடுவதற்கு இடந்தராது. ஒலிப்பதிவு செய்து விற்பதற்கும் தராது. ஆராதனை முடிந்தபின் அதன் பதிவை இணையத்தில் நிரந்தரமாக வைத்திருப்பதற்கு இது பொருந்தும் எனத் துணிந்து கூறவும் இயலாது. அமெரிக்காவில் ஒரு பாடல் பதிப்பகம் சிகாகோ கத்தோலிக்க மறைமாவட்டத்தின்மீது தொடர்ந்த வழக்கில், அனுமதியின்றிப் படியெடுத்த பாட்டுப் புத்தகங்களுக்காக 1984-இல் மூன்று மில்லியன் டாலருக்கு மேல் இழப்பீடு விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அத்தொகையின் பெரும்பகுதி நிலைக்கவில்லை. ஆயினும் சபைகள் விழித்துக்கொண்டன.

பணத்தைவிட நாம் எளிதில் கொடுக்கக்கூடியது பெயர். 57-ஆம் பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்ட பின்னும் தன் ஆக்கம் தன்னுடையதென்று சொல்லவும், அது சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் ஆக்கியோனுக்கு உரிமை உண்டு. சங்கீதப் புத்தகத்தைத் தொகுத்தோர் ஆசாப்பின் பெயரையும் கோராகின் புத்திரர் பெயரையும் தலைப்பில் விடாது வைத்தனர். நம் சபைகள் அச்சிடும் பாட்டுப் புத்தகங்களில் எத்தனை தலைப்புகளில் பெயர் இருக்கிறது?

இதைப் பிறர்மேல் சுமத்த நமக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டகைச் சபைகளுக்கென ஆயிரம் படிகள் அச்சான பாட்டுப் புத்தகத்தின் பொறுப்பு நம்முடையதாயிருந்தது. இடம் போதவில்லை என்று ஆசிரியர் பெயர்களை நாமே நீக்கினோம். எவரிடமும் அனுமதி கேட்கவுமில்லை. அதில் பதினொரு பாடல்கள் ஓர் உபதேசியார் எழுதியவை. அவர் மறைந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. அவர் மகள் இன்றும் ஆத்தூர்ப் பக்கம் தறி நெய்து வாழ்கிறார். புத்தகத்தைக் கையில் வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "அப்பா பாட்டெல்லாம் இருக்குதுங்க, அப்பாவத்தான் காணோமுங்க" என்றார். கோபம் அவர் முகத்தில் இல்லை. அதனால் நமக்கு எளிதாகவும் இல்லை.

இரண்டாம் பதிப்பு இப்போது அச்சில் உளது. அவ்வம்மையாரிடம் எழுத்தில் இசைவு பெற்று, விற்பனையில் ஒரு பங்கு அவருக்கென வட்டகைக் கணக்கில் எழுதியாயிற்று. உயிரோடிருக்கும் மற்ற நால்வருக்கும் கடிதம் எழுதி இருவர் பதில் தந்துள்ளனர். மூன்று பாடல்களுக்கு எழுதியவர் யாரென்று இன்னும் தெரியவில்லை. அவற்றின் கீழே ஒரு வரி வெற்றிடமாக விடும்படி அச்சகத்தாரிடம் கூறியிருக்கிறோம்.