டிரம்மரின் ஆல்பம்... ஆனா ஹீரோ அவரோட வாய்! ராபர்ட் வயட் 1970-ல் செய்தது என்ன?

பாடத் தெரிந்த டிரம்மருக்கு, சொந்த பேண்டிலேயே பாட இடம் இல்லாமல் போனால் என்ன செய்வார்? 1970 டிசம்பரில் பிரிட்டனில் வெளியான ‘தி எண்ட் ஆஃப் அன் இயர்’ ஆல்பத்தைக் கேட்டால் புரியும். ‘சாஃப்ட் மெஷின்’ பேண்டின் டிரம்மர் ராபர்ட் வயட்டின் முதல் சோலோ இது. அப்போது அவருக்கு வயது 25.

1968-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுடன் அமெரிக்கா முழுக்க டூர் போன பேண்ட் சாஃப்ட் மெஷின். வயட் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுவார். ஆனால் மற்றவர்களின் கவனம் ஜாஸ் பக்கம் திரும்ப, பாட்டு குறைந்துகொண்டே வந்தது. 1970-ல் வந்த ‘தேர்ட்’ டபுள் ஆல்பத்தில் மொத்தம் நாலே டிராக். அதில் ‘மூன் இன் ஜூன்’ ஒன்றில்தான் பாட்டே இருக்கும். அதிலும் பெரும்பகுதிக் கருவிகளை வயட்டே தனியாக வாசித்திருக்கிறார்!

சோலோ ஆல்பத்தில் அவருக்கான கிரெடிட்டைப் பாருங்க: டிரம்ஸ், வாய், பியானோ, ஆர்கன். ஆமாம், ‘குரல்’ இல்லை, ‘வாய்’தான். வரிகள் என்று பெரிதாக எதுவும் கிடையாது. முனகல், கூவல், அர்த்தமில்லாத அசைகள். டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். குழந்தை கத்துவது போலவும் கேட்கும், சாக்ஸபோன் போலவும் கேட்கும். ஆல்பத்தைத் தொடங்கி வைப்பதும் முடித்து வைப்பதும் ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவன்ஸின் ‘லாஸ் வேகாஸ் டாங்கோ’. நடுவில் இருக்கும் டிராக்குகளின் தலைப்புகள் எல்லாமே நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் சமர்ப்பணம்.

உண்மையைச் சொன்னால், சில இடங்களில் பொறுமை போய்விடும். அந்தக் கடைசி 11 நிமிடம் கொஞ்சம் நீளம்தான்.

தலைப்பிலும் ஒரு குறும்பு. ‘ஒரு சகாப்தத்தின் முடிவு’ என்ற ஆங்கிலத் தொடரில் ‘எரா’வை எடுத்துவிட்டு, காதைக் குறிக்கும் ‘இயர்’ வைத்துவிட்டார். அட்டையிலோ தன்னை, வேலை இல்லாத பாப் பாடகர், தற்போதைக்கு சாஃப்ட் மெஷினில் டிரம்ஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ஜோக் மாதிரி இருந்தாலும், அதில் இருக்கும் வலி சாதாரணமானதா?

1971-ல் பேண்டை விட்டு விலகினார். அடுத்து தொடங்கிய பேண்டுக்கு ‘மேட்சிங் மோல்’ என்று பெயர். சாஃப்ட் மெஷினை பிரெஞ்சில் ‘மஷீன் மோல்’ என்பார்கள். புரியுதா!

1973 ஜூனில் ஒரு பார்ட்டியில் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பேஸ் டிரம்மின் பெடலை மிதிக்கக் கால் வேண்டுமே! டிரம்மராக அவர் வாழ்க்கை அதோடு முடிந்தது. மறு வருடமே ‘ராக் பாட்டம்’ ஆல்பம் வந்தது. தயாரித்தவர் பிங்க் ஃப்ளாய்டின் டிரம்மர் நிக் மேசன். புதிதாகக் கேட்பவர்கள் அதில் தொடங்கிவிட்டு 1970-க்குத் திரும்பிப் போனால், அந்த ‘வாய்’ என்ன பழகிக்கொண்டிருந்தது என்று பிடிபடும்.