கார்டு ஒன்று, கணினி இரண்டு

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம். சொடுக்கிப் பார்த்தால் ‘கோடு 43’. வீட்டு சர்வரில் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு என்விடியா கார்டைக் கொடுத்துப் பார்த்தவர்களில் பலர் இதைக் கண்டதும் கார்டு போச்சு என்றுதான் நினைத்தார்கள். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தான் ஓடுவது நிஜக் கணினியில் அல்ல என்று தெரிந்ததும் அன்றைய ஜீஃபோர்ஸ் டிரைவர் வேலைநிறுத்தம் செய்துவிடும். 2021இல் 465 வரிசை டிரைவர் வந்த பிறகுதான் என்விடியா அந்தப் பூட்டைத் திறந்தது. அதுவரை, இது விர்ச்சுவல் மெஷின் என்பதையே டிரைவரிடம் மறைத்து வைத்துத்தான் காலம் தள்ளினார்கள்.

இன்றும் அந்த எண் தலைகாட்டினால் முதல் சந்தேகம் பழைய டிரைவர் மேல் விழட்டும்.

பழைய கணினி ஒன்றை சர்வராக்கி, அதற்குள் நாலைந்து கணினிகளை ஓட்டுவது இப்போது செலவில்லாத காரியம். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கேவிஎம், லினக்ஸ் கெர்னலில் 2007இல் சேர்ந்தது. அதை வைத்து வியன்னாவில் உருவான பிராக்ஸ்மாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றில் குடும்பப் படங்கள், ஒன்றில் சிசிடிவி பதிவு, ஒன்றில் பிள்ளைகளுக்கான விண்டோஸ். வீடியோ எடிட்டிங், விளையாட்டு, ஏஐ மாடல் என்று ஆசை வளரும்போதுதான் கிராஃபிக்ஸ் கார்டை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்கும் ‘பாஸ்த்ரூ’ தேவைப்படுகிறது. லினக்ஸில் இதற்கான விஎஃப்ஐஓ 2012இல் வந்தது.

கார்டு, புராசஸரைக் கேட்காமலே நேராக மெமரியில் எழுதக்கூடியது. அதன் வேகமும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குள் நுழையும் லாரி தன் இஷ்டத்துக்கு எந்த யார்டிலும் சரக்கை இறக்க முடியாதல்லவா? அப்படித்தான், எந்தச் சாதனம் மெமரியின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று பார்த்து அனுப்ப ஒரு காவல் உண்டு. அதன் பெயர் ஐஓஎம்எம்யூ. இன்டெல் இதை விடி-டி என்கிறது, ஏஎம்டி ஏஎம்டி-விஐ என்கிறது. பயாஸில் விடி-எக்ஸை மட்டும் ஆன் செய்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். அது விர்ச்சுவல் மெஷின் ஓடுவதற்கான வசதி. கார்டைக் கொடுக்க விடி-டியும் வேண்டும்.

அடுத்த சிக்கல் ‘ஐஓஎம்எம்யூ குரூப்’. மதர்போர்டு, சாதனங்களைக் குழு குழுவாகப் பிரித்து வைத்திருக்கும். கார்டு இருக்கும் குழுவில் நெட்வொர்க் சிப்பும் இருந்தால் கார்டை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாது. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் சில சமயம் தீரும். தீராவிட்டால் ‘ஏசிஎஸ் ஓவர்ரைடு’ என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது: இல்லாத தடுப்பை இருப்பதாகக் கெர்னலிடம் சொல்லும் வேலை. வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு என்றால் கண்டுகொள்ளாமல் விடலாம்; அடுத்தவர் தரவு இருக்கும் சர்வரில் செய்யக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? சர்வர் தானே கார்டைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். ஒரே கார்டு லினக்ஸுக்குப் பெரும்பாலும் இரண்டு சாதனமாகத் தெரியும்: உதாரணமாக 01:00.0 என்ற முகவரியில் படம், 01:00.1 என்ற முகவரியில் எச்டிஎம்ஐ வழி ஒலி. பூட் ஆகும்போதே இரண்டையும் விஎஃப்ஐஓ டிரைவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டாவதை மறந்துவிடுவது சகஜம். விலை குறைவு என்று இன்டெலில் ‘எஃப்’ என்று முடியும் புராசஸரை வாங்கியவர்களுக்குத் தலைவலி கூடுதல்: அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, சர்வரும் அதே கார்டைத்தான் நம்பியிருக்கும்.

இந்த முகவரிகள் நிலையானவையும் அல்ல. புதிதாக ஒரு எஸ்எஸ்டி செருகினாலே எண்கள் நகர்ந்துவிடலாம். நேற்றுவரை கார்டு இருந்த எண்ணில் இன்று நெட்வொர்க் கார்டு உட்கார்ந்திருக்கும். விர்ச்சுவல் மெஷின் ஆன் ஆனதும் அதைத் தூக்கிக்கொள்ளும், சர்வர் நெட்வொர்க்கிலிருந்தே காணாமல் போகும். பார்ப்பவருக்கு மதர்போர்டே போய்விட்டது போலத் தோன்றும்.

ஏஎம்டி கார்டுகளில் வேறொரு கதை. போலாரிஸ், வேகா, முதல் நவி வரிசைகளில் பலவும் முதல் தடவை ஒழுங்காக ஓடும். விர்ச்சுவல் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி ஆன் செய்தால் எழுந்திருக்காது. சர்வரையே ரீபூட் செய்ய வேண்டும். கார்டு சரியாக ரீசெட் ஆகாததுதான் காரணம். லுக்கிங் கிளாஸ் மென்பொருளை எழுதிய ஜெஃப்ரி மெக்ரே முதலானோர் இதற்காகவே ‘வெண்டர்-ரீசெட்’ என்ற கெர்னல் மாட்யூலைத் தந்தார்கள். நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

தூத்துக்குடி போன்ற ஊரில் மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் ஸ்லாட்டையும் பார்த்துவிட வேண்டும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் இந்த மாவட்டம் இருக்கும் தமிழ்நாட்டுக்கு. ஜன்னல் கம்பியை விட்டுவைக்காத கடற்காற்று, கார்டின் தங்கமுலாம் பூசிய பட்டையையும் பதம் பார்க்கும். 16 லேனில் ஓட வேண்டிய கார்டு 8 அல்லது 4 லேனுக்கு இறங்கியிருந்தாலோ, கெர்னல் பதிவில் பிசிஐ பிழைகள் வரிசைகட்டினாலோ, தொடர்பு சரியில்லை என்ற சந்தேகம் எழ வேண்டும். கடைகளில் அழிரப்பரால் தேய்ப்பார்கள். அவசரத்துக்குச் சரி, அடிக்கடி தேய்த்தால் முலாமே போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணிதான் நல்லது. கார்டை விர்ச்சுவல் மெஷின் இல்லாமல் நேரடியாக ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். சர்வரைத் தரையில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்: 2023 டிசம்பரில் இதே மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது.

புதிதாக வாங்குகிறவர்கள் மதர்போர்டுக்குப் பணம் கட்டும் முன், அதே மாடலை வைத்திருப்பவரிடம் ஐஓஎம்எம்யூ குழுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைக்காரரிடம் பெரும்பாலும் அது இருக்காது. சிக்கிக்கொண்டவர்கள், தமிழிலேயே பேசிப் பழகும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் கேட்கலாம். போகும்போது அந்தப் பட்டியலும் கெர்னல் பதிவும் கையில் இருக்கட்டும். ‘திரை கறுப்பா இருக்குங்க’ என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.