வெட்டிக் கொடுக்கும் அட்டையில் என்ன இருக்கிறது?

பித்தநாள அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களில் பலருக்குப் பாராசிட்டமால் என்றாலே பயம். ஈரலைக் கெடுத்துவிடும் என்று அதை ஒதுக்கிவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் போய் "வேற ஏதாவது வலி மாத்திரை கொடுங்கண்ணே" என்கிறார்கள். கைக்கு வருவது பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக். உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

பித்தம் குடலுக்கு இறங்காமல் காமாலையோடு கிடந்தவருக்கு, சாப்பாட்டிலுள்ள வைட்டமின் கே உடம்பில் சரியாகச் சேராது. அது இல்லாமல் ரத்தம் எளிதில் உறையாது. சிறுநீரகமும் தளர்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து மருத்துவரே இவற்றை எழுதித் தருவதும் உண்டு. அது வேறு, கடையில் நாமாகக் கேட்டு வாங்குவது வேறு.

பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலை அழிக்கும், சந்தேகமில்லை. அளவுக்குள் நின்றால் பெரும்பாலும் முதலில் தருவதும் அதைத்தான். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்பு. ஈரல் பலவீனமானவர், உடல் மெலிந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் பல மருத்துவர்கள் 2 கிராமோடு நிறுத்திவிடுவார்கள். 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று போட்டாலே அந்த 2 கிராம் கிட்டத்தட்ட முடிந்துபோகும். இதற்கு மேல் சளிக்கு என்று போடும் மாத்திரையிலும், இரண்டு மருந்து சேர்த்த வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கிறது. கடையில் அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை தரும்போது, உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்த பகுதி பல சமயம் கடையிலேயே தங்கிவிடுகிறது. முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

கோடீன், மார்ஃபின் என்ற வலி மருந்துகள் பற்றியும் சொல்ல வேண்டும். பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. 1887-இல் அதை விவரித்த இத்தாலியர் ருக்கெரோ ஓடியின் பெயரே அதற்கு. இந்த மருந்துகள் அந்த வளையத்தை இறுக்கும். பித்தப்பை எடுத்தவர்கள் சிலருக்கு கோடீன் போட்ட கொஞ்ச நேரத்தில் மேல்வயிறு பிடித்து இழுக்கும். அப்படி ஒருமுறை வந்திருந்தால் அடுத்த மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வெளிறிய மலம்: இவை வந்தால் மாத்திரையைத் தேடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் வலியோடு காய்ச்சலையும் அமுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு வேளையும் மாத்திரை போடுமுன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள்.