மேல்கையில் பேட்ச், இன்னொரு கையில்?

காலை ஆறு மணிக்கு டீக்கடை வாசலில் ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் சிகரெட். பதினேழு வருடம் என் பொழுது இப்படித்தான் விடிந்தது. புகையை விட்ட முதல் வாரம் அந்த இன்னொரு கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. சட்டைப்பையில் விட்டேன், எடுத்தேன், இடுப்பில் வைத்தேன். "என்ன சார், கையில அடியா?" என்றார் டீ மாஸ்டர். அடி இல்லை. சட்டைக்குள்ளே, மேல்கையில், ஒரு நிக்கோடின் பேட்ச் ஒட்டியிருந்தது.

அது என் மூன்றாவது முயற்சி. முதல் முறை வைராக்கியத்தை மட்டும் நம்பினேன். நாலு நாள் தாங்கியது. இரண்டாவது முறை பேட்ச் போட்டும் தோற்றேன். தப்பு பேட்ச்மேல் இல்லை, போட்ட என்மேல்தான்.

மூளை கேட்பது ஒன்று, உடலைக் கெடுப்பது வேறொன்று

புகையை இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் நிக்கோடின் மூளைக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். உடனே எரிச்சல், பதற்றம், எதிலும் மனம் நிற்காத தவிப்பு. 'டென்ஷன் குறைய ஒரு தம்' என்கிறோமே, அந்த டென்ஷனில் பாதி முந்தைய சிகரெட் வைத்துவிட்டுப் போனது.

அடிமையாக்குவது நிக்கோடின். புற்றுநோயையும் மாரடைப்பையும் கொண்டுவருவது பெரும்பாலும் எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். பேட்ச் இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. மூளை கேட்பதைத் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்; புகை கிடையாது. "அதுவும் நிக்கோடின்தானே, விஷத்துக்கு விஷமா?" என்று என் மச்சான் கேட்டார். நிக்கோடின் ஒன்றும் பரமசாதுவல்ல, நாடித்துடிப்பைக் கொஞ்சம் ஏற்றும். ஆனால் சில வாரம் ஒட்டிக்கொள்வதையும் இருபது வருடம் புகைப்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நிக்கோடினைத் தோல் வழியாகக் கொடுக்கலாம் என்ற யோசனை புகையிலை வயலிலிருந்து வந்தது. ஈரமான இலைகளைப் பறிக்கும் தொழிலாளர்களுக்குக் குமட்டலும் தலைசுற்றலும் வருவதுண்டு. தோல் வழியே நிக்கோடின் இறங்குவதால் வருவது. 1980களில் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த மர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் இருவரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் சோதனையைத் தங்கள் தோலிலேயே செய்து பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பேட்ச் அமெரிக்க மருந்துக்கடைகளுக்கு வந்துவிட்டது.

எத்தனை மில்லிகிராம்?

24 மணி நேரப் பேட்ச் 21, 14, 7 மி.கி. என மூன்று அளவில் வருகிறது. நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர்களுக்கு வழக்கமான முறை: 21 மி.கி. ஆறு வாரம், 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14-இல் தொடங்கலாம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் இறங்குவது ஏறக்குறைய 1 மி.கி. நிக்கோடின், ஆகவே 21 என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம், ஒரு பாக்கெட் கணக்குதான். பீடிக்காரர்கள், 'சின்னதுதானே' என்று கணக்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இரண்டாவது முயற்சியில் நான் செய்தது இதுதான்: யாரையும் கேட்காமல், 'பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று 7 மி.கி. வாங்கினேன். நாளுக்குப் பதினெட்டு பிடித்த உடம்புக்கு அது எங்கே போதும்? மூன்றாவது வாரம் கொஞ்சம் தெளிவாக இருந்ததும் அதையும் நிறுத்தினேன். நாலாவது வாரம் பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் மறுபடி பற்றவைத்தேன்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் அளவைக் கேட்டுக்கொண்டு தொடங்குவதே நல்லது.

எண்ணெய்க் குளியலும் பேட்ச்சும் சேராது

காலையில் குளித்து, நன்றாகத் துவட்டிய பிறகு, முடி அதிகமில்லாத இடமாகப் பார்த்து ஒட்ட வேண்டும்: மேல்கை, மார்பு, முதுகு. உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு கையைக் கழுவிவிட வேண்டும். எண்ணெயோ பவுடரோ இருந்த தோலில் நிற்காது. ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ஒட்டினேன்; மத்தியானம் அது பனியனில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்டால் பரவாயில்லை, குளிக்கலாம்.

மறுநாள் வேறு இடம். ஒட்டிய இடத்துக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் லேசாக அரிக்கும். சிவப்பு நாள்கணக்கில் நின்றால், வீங்கினால், நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிலருக்குக் கனவுகள் சினிமா மாதிரி வரும். அப்படியானால் படுக்கும்போது கழற்றிவிடலாம். எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் கழற்ற வேண்டும், சிலவற்றில் உலோகப் படலம் உண்டு. கத்தரித்துப் பாதி ஒட்டுகிற சிக்கனம் வேண்டாம். கழற்றியதிலும் நிக்கோடின் மிச்சம் இருக்கும். பசைப்பக்கம் உள்ளே வர மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

டீயும் ஒரு குற்றவாளி

பேட்ச் நிதானம். உச்சத்துக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். சாப்பிட்டு எழுந்ததும் பாய்ந்து வரும் ஆசைக்கு அது உடனே ஈடுகொடுக்காது. அதற்குத்தான் 2 மி.கி. நிக்கோடின் சூயிங்கம். பேட்ச்சோடு இதையும் சேர்த்தால் பலன் கூடும் என்பது பல ஆய்வுகளில் தெளிவானது. ஆனால் பபிள்கம்போல மென்று தள்ளக் கூடாது. சுறுசுறுவென்றதும் கன்னத்து ஓரம் ஒதுக்கிவிட வேண்டும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி கூடாது.

மூன்றாவது முயற்சியின் இரண்டாவது வாரம் கைநடுக்கம், தூக்கமின்மை. பேட்ச்தான் காரணம் என்று திட்டிக்கொண்டே மருத்துவரிடம் போனேன். "டீ எத்தனை குடிக்கிறீங்க?" என்றார். ஏழு. புகையில் உள்ள தார் வகையறா, கல்லீரலைக் கஃபீனை வேகமாகக் கரைக்கவைக்கும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறையும், அதே டீ கூடுதலாக ஏறும். மூன்று கிளாஸாக்கினேன், நடுக்கம் அடங்கியது. ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநலச் சிகிச்சைக்கான க்ளோசபின் போன்ற மருந்துகளுக்கும் இதே கதை. இவற்றைச் சாப்பிடுபவர்கள் புகையை விடப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கல்யாண வீட்டில் ஒன்று

ஐந்தாவது வாரம் ஒரு கல்யாணத்தில் வழுக்கினேன். ஒரே ஒரு சிகரெட். பேட்ச்சோடு புகைத்தால் மாரடைப்பு என்று 1992-இல் அமெரிக்காவில் கிளம்பிய பயம் எனக்கும் தெரியும். மண்டபத்துப் பாத்ரூமில் பேட்ச்சைப் பிய்க்கப் போனேன். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பயத்தை உறுதிப்படுத்தவில்லை. 2013-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெட்டியிலிருந்த எச்சரிக்கையையே எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டது. ஒன்று பிடித்துவிட்டால் பேட்ச் அப்படியே இருக்கட்டும், சிகரெட்டை மட்டும் அணையுங்கள்.

பேட்ச் மந்திரத் தாயத்தில்லை. விடுவதற்கான வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கும். அப்படியும் முதல் தடவையிலேயே ஜெயிப்பவர்கள் குறைவு. பேச ஆள் வேண்டுமென்றால் சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. நிக்கோடின் மாற்று மருந்து 2022 முதல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உண்டு.

பத்தாவது வாரம் கடைசிப் பேட்ச்சை மடித்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன். இன்னொரு கையில் இப்போது மசால்வடை. நாலு கிலோ ஏறிவிட்டது. அதை அடுத்த முறை கவனிப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.