ஹெட்லைட்டை அணைத்துவிட்டு வாருங்கள்

திருநெல்வேலியிலிருந்து அம்மாவும் அப்பாவும் நியூஜெர்சிக்கு வந்திருந்த டிசம்பர் அது. குளிருக்குப் பயந்து வாசற்படி தாண்டாமல் இருந்த அம்மாவை, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேனில் உட்காரவைத்து கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்கக் கூட்டிப்போனோம். டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "எங்கலே இறங்கணும்?" என்றாள் அம்மா. இறங்கவே வேண்டாம், உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்றேன். அவளுக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. வெளியே வரும்வரை ஷூவைக் கழற்றாமல் தயாராகவே இருந்தாள்.

அமெரிக்காவில் 'டிரைவ்-த்ரூ' விளக்குக் கண்காட்சி என்றால் இதுதான். ஒரு பெரிய பூங்காவையோ கார் பந்தயத் திடலையோ எடுத்துக்கொண்டு, உள்ளே ஒருவழிப் பாதை அமைத்து, இரு பக்கமும் விளக்கு உருவங்களை நிறுத்துவார்கள். ஒன்றரை மைல், இரண்டு மைல் என்று பாதை நீளும். பெரும்பாலும் மணிக்கு ஐந்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் நகரத்தின் ஓகில்பே பூங்காவில் 1985 முதல் நடப்பது ஆறு மைல் நீளம். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்து ஜேம்ஸ் தீவுப் பூங்காவில் 1990 முதலும், ஜார்ஜியாவின் கேலவே தோட்டத்தில் 1992 முதலும் நடக்கிறது. 2020இல் கொரோனா வந்து, கூட்டமாக நின்று எதையும் பார்க்க முடியாமல் போனபோது, காருக்குள் அடைந்தபடியே பார்க்கும் இந்த ஏற்பாடு ஊருக்கு ஊர் முளைத்தது.

இவற்றுக்கெல்லாம் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய அல்டடீனா ஊரில் சான்டா ரோசா அவென்யூ என்ற தெரு. 1880களில் அங்கே வரிசையாக நட்ட மரங்களில் 1920இல் விளக்குக் கட்டத் தொடங்கினார்கள். அந்தத் தெருவுக்குக் கிறிஸ்துமஸ் மர வீதி என்றே பெயர். அந்த மரங்கள் வேறெதுவும் இல்லை, நம் இமயமலையின் தேவதாரு. இன்றும் டிசம்பர் இரவுகளில் அந்த வீதியில் கார்கள் ஊர்ந்துதான் போகின்றன, கட்டணம் கிடையாது. 2025 ஜனவரியில் ஈட்டன் காட்டுத்தீ அல்டடீனாவில் ஆயிரக்கணக்கான கட்டடங்களைக் கொண்டுபோனபோதும் அந்த மரங்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன.

மின்சார விளக்கை மரத்தில் கட்டும் பழக்கமே எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தொடங்கியது. 1882 டிசம்பரில் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளை எரியவிட்டார். அதற்கு முன்பு மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பக்கத்தில் வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, பாதையோரத்து விளக்கு உருவங்கள் எப்படி வேலை செய்கின்றன? எங்கள் வேனில் இதற்கு ஆள் இருந்தார். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. "நம்ம கோயில் கொடைக்கு சீரியல் செட்ல மயில் தோகை விரிக்கும்லா, அதே சூத்திரம்தான்" என்றார். சரியாகத்தான் சொன்னார். இரும்புக் கம்பியை வளைத்து மான் மாதிரி ஒரு சட்டம் செய்து, அதன் விளிம்பில் விளக்குச் சரத்தைச் சுற்றிவிடுவார்கள். தாவுகிற மான் வேண்டுமென்றால் நான்கு சட்டங்கள்: தரையில் ஒன்று, எழும்பும்போது ஒன்று, அந்தரத்தில் ஒன்று, இறங்கும்போது ஒன்று. முதல் மான் அணையும் நொடியில் இரண்டாவது எரியும், அது அணைய மூன்றாவது. கண் நான்கையும் சேர்த்து ஒரே மானாக்கிக்கொள்ளும். எரியாத மூன்று சட்டங்களும் இருட்டில் மறைந்திருப்பதால்தான் இது நடக்கிறது.

'சீரியல் செட்' என்று நாம் சொல்வதும் காரணப் பெயர்தான். பல்புகள் தொடர் இணைப்பில் இருக்கின்றன. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். பழைய குட்டி பல்புகள் 50ஐ ஒரே தொடராகக் கோத்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டரை வோல்ட் கிடைக்கும். ஒன்று ஃபியூஸ் போனால் மொத்தமும் அணைய வேண்டும் அல்லவா? அணையாது. பல்பின் அடியில் மேற்பூச்சு போட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. இழை அறுந்ததும் முழு அழுத்தமும் அதன்மேல் விழ, பூச்சு கருகி, அந்தக் கம்பியே பாலமாகிவிடும். ஆனால் பல்பையே பிடுங்கினால் பாலமும் போய்விடும், சரம் இருண்டுவிடும்.

இப்போது எங்கும் எல்.இ.டி.தான். பழைய குட்டி பல்பு 100 உள்ள சரம் சுமார் 40 வாட் தின்னும், எல்.இ.டி. சரத்துக்கு ஆறு வாட் அளவு போதும். பத்து லட்சம் விளக்கு என்று விளம்பரம் பார்த்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பல்பு என்றால் 400 கிலோவாட், அதாவது இருநூற்றைம்பது வீட்டு ஏசி ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். எல்.இ.டி.யில் அது நாற்பது ஏசிக்குள் அடங்கிவிடும்.

பாட்டு உங்கள் கார் ரேடியோவிலேயே வரும். வாசலில் ஒரு பண்பலை எண்ணைப் பலகையில் எழுதிவைத்திருப்பார்கள், அதில் திருப்பிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்று பாட்டையும் விளக்கையும் ஒரே தாளத்தில் ஓட்டும். உரிமம் இல்லாமல் இயங்கும் சிறு ஒலிபரப்பிக்கு அரசு அனுமதிக்கும் எல்லை பொதுவாகச் சுமார் 200 அடிதான். அதனால் வெளியே வரிசையில் நிற்கும்போது கரகரவென்றுதான் கேட்கும். ரேடியோ கெட்டுவிட்டது என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி தலைப்புக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததும் ஹெட்லைட்டை அணைத்து, பார்க்கிங் லைட்டில் மட்டும் போகச் சொல்வார்கள். முன்னால் போகிறவர் கண் கூசும் என்பதற்காக மட்டும் இல்லை. எங்கள் வேனில் விளக்கு 'ஆட்டோ'வில் இருந்தது, நான் கவனிக்கவில்லை. வளைவில் திரும்பியதும் வெளிச்சம் நேராக அந்தத் தாவும் மான் மேல் அடித்தது. பின்சீட்டிலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, அங்க இன்னும் மூணு மான் சும்மா நிக்குது!" துருப்பிடித்த கம்பி, அதைத் தாங்கும் முளை, தரையில் கிடந்த வயர் எல்லாம் தெரிந்தன. எங்களுக்கு முன்னும் பின்னும் இருந்த கார்க்காரர்களுக்கும் அந்த மானை நான் கொன்றேன்.

சுவிட்சை 'ஆஃப்' செய்த பிறகும் வெளிச்சம் போகவில்லை. பகலிலும் எரியும்படி கம்பெனியே வைத்த விளக்கு அது, எஞ்சின் ஓடும்வரை அணையாது. அப்பா கழுத்து மஃப்ளரை அவிழ்த்து, "இதைப் போட்டு மூடிருவமா?" என்றார். செய்யக் கூடாது. ஹாலஜன் விளக்கின் சூட்டில் துணி கருகும். ஒழுங்குபடுத்த நின்ற பையன் டார்ச்சோடு வந்து வழி சொன்னான்: காரை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்ப வேண்டும். சில கார்களில் இது பலிக்கும், சிலவற்றில் பிரேக்கை எடுத்ததும் விளக்கு திரும்பி வந்துவிடும். எங்களுக்குப் பலித்தது. உங்கள் காருக்கு எது சரி என்பது மேனுவலில் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் இருட்டில், வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். உள்ளே டாஷ்போர்டு வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள். வெளியே வந்ததும் ஹெட்லைட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள், பலர் மறக்கிறார்கள்.

முன்கண்ணாடியை உட்பக்கம் துடைப்பது அடுத்த வேலை. அதில் படிந்த மெல்லிய புகைப்படலம் பகலில் கண்ணுக்குத் தெரியாது, இரவில் ஒவ்வொரு விளக்கையும் கசங்கிய பூவாகக் காட்டும். ஆறேழு பேர் மூச்சு விட்டால் கண்ணாடியில் பனி படியும். ஹீட்டரோடு ஏசியையும் போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்தால் படியாது. குளிர்காலத்தில் ஏசியா என்று அம்மா மாதிரியே நீங்களும் கேட்கலாம். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அவ்வளவுதான்.

கட்டணம் பெரும்பாலும் தலைக்கு அல்ல, வண்டிக்கு. ஏழு பேர் வேனில் போனால் லாபம். வாரநாளில் விலையும் குறைவு, கூட்டமும் குறைவு. சனிக்கிழமை ஏழு மணிக்குப் போனால் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று அரைமணி நேரம் பார்க்க வேண்டிவரும். டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், திறக்கும் நேரத்துக்கே போய்விடலாம். நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். பாதைக்குள் கழிப்பறை இருக்காது, திரும்பி வரவும் வழி இருக்காது. குழந்தைகளையும் பெரியவர்களையும் கிளம்பும்போதே ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். பெட்ரோலும் அப்படித்தான். பிளாஸ்க்கில் காபியும் ஒரு டப்பா முறுக்கும் எங்கள் வீட்டுச் சம்பிரதாயம்.

குழந்தைகள் கூரை ஜன்னல் வழியாகத் தலை நீட்டக் கேட்பார்கள். பல இடங்களில் அதற்குத் தடை உண்டு. ஊர்ந்து போகும் வரிசையில்தான் திடீர் பிரேக் அதிகம், பெல்ட்டைக் கழற்றவிடாதீர்கள். நடந்து பார்க்கவே ஆசை என்றால், கலிஃபோர்னியாவில் லாஸ் கேட்டோஸின் வசோனா பூங்கா மாதிரி சில இடங்களில் கார் விடாமல் நடைக்கென்றே சில இரவுகளை ஒதுக்குவதுண்டு.

இந்தக் கண்காட்சிகள் பெரும்பாலும் நவம்பர் கடைசியில், நன்றி தெரிவித்தல் நாளையொட்டித் தொடங்கிப் புத்தாண்டு வரை நடக்கும். டிசம்பர் 25ஆம் தேதி தாண்டியதும் கூட்டம் வடிந்துவிடும், விளக்கு அப்படியே இருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அந்த வாரத்தில் ஒரு திங்களோ செவ்வாயோ கூட்டிப்போங்கள். முன்சீட்டை அம்மாவுக்குக் கொடுங்கள்.