எடை அட்டையும் டாக்டர் மார்லியும்

குழந்தையை நிறுத்து எடை காண்பது எளிது. அதன் வயதை அறிவதே கடினம். கிராம ஊழியர் யாவரும் இதை அறிவர். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை எட்டு மாதத்ததாயின் கவலைக்கு இடமில்லை. இரண்டு வயதினதாயின் அதன் நிலை அபாயகரமானது.

இவ்விடரை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டேவிட் மார்லி. 1956இல் நைஜீரியாவின் இலேஷா நகரிலுள்ள மிஷன் மருத்துவமனையில் பணியேற்ற இவர், அருகிலிருந்த இமேசி-இலே கிராமத்தின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்தார். மருத்துவமனையில் மட்டும் பணிபுரிபவருக்கு நோய் தெரியும். நோய்க்கு முன் நிகழ்ந்தவை தெரியா. கிராமத்திலோ அவை தெளிவாகப் புலப்பட்டன. தட்டம்மை, கக்குவான், வயிற்றுப்போக்கு ஆகிய ஒவ்வொன்றும் எடையைக் குறைத்துச் சென்றது; உடல் தேறுமுன்பே அடுத்த நோய் வந்தது. குழந்தை வெளிப்படையாக மெலிவதற்குப் பல வாரங்கள் முன்னரே எடை ஏறுவது நின்றுவிடுகிறது.

இதைக் கண்ணால் காணச் செய்வதே அவர் அமைத்த எடை அட்டை. அட்டையின் அடியில் மாதக் கட்டங்கள் உள்ளன. முதற் கட்டத்தில் பிறந்த மாதத்தை எழுதி, பின் மாதங்களை வரிசையாக நிரப்பிவிட்டால், ஒவ்வொரு முறையும் வயதைக் கணக்கிட வேண்டுவதில்லை. நிறுத்த மாதத்திற்கு நேரே புள்ளி வைத்தால் போதும். பிறந்த மாதம் தெரியாத தாயிடம் திருவிழா, அறுவடை முதலியவற்றைக் கொண்டு கேட்டறியலாம். பாலிதீன் உறையிலிட்ட அட்டை தாயிடமே இருக்கும். இது சிறு விஷயமன்று. குழந்தை எங்குச் சென்றாலும் அதன் வரலாறும் உடன் செல்கிறது.

பின்னர் லண்டனில் பேராசிரியராக விளங்கிய மார்லி, 1965இல் மலிவான கற்பிப்புச் சாதனங்களை வழங்கும் அமைப்பொன்றை நிறுவினார். அவர் 2009இல் காலமானார். நம் நாட்டிலும் 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் எடை வரைபடம் இடம் பெற்றது.

ஆயினும் மருந்தைச் சோதிப்பது போலவே சேவை முறையையும் சோதித்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 12 கிராமங்களில் அத்தகைய சோதனை ஒன்று நடந்தது. எல்லாக் கிராமங்களிலும் சுகாதாரச் சேவையும் போஷாக்குப் போதனையும் அளிக்கப்பட்டன. பாதிக் கிராமங்களில் மட்டும் எடை வரைபடமும் சேர்க்கப்பட்டது. 1993இல் 'லான்ஸெட்' இதழில் வெளியான முடிவின்படி, இரு பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வேறுபாடு இல்லை.

அட்டை பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரமாகும். பிற சேவைகள் நன்கு நடக்குமிடத்தில் வரைபடம் தனியாகக் கூட்டித் தருவது சொற்பமே என்பதே இதன் பொருள். பதிவேடு நிரம்பினால் கடமை முடிந்தது என எண்ணும் மேற்பார்வையாளர் இதைக் கவனித்தல் நலம். கோடு மேலேறாமல் கிடையாக ஓடினால், தராசின் முள் பூஜ்யத்தில் நின்றதா என்று முதலில் பார்க்க. பின்னர் அட்டையைத் தாயிடம் காட்டி, சென்ற மாதம் காய்ச்சலோ பேதியோ வந்ததா, நாளொன்றுக்கு எத்தனை வேளை உணவு, தாய் வேலைக்குச் செல்லும்போது ஊட்டுபவர் யார் என்று கேட்க.