பிரவுசரின் ஞாபகம்

2021 அக்டோபரில் ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை இணையத்தில் வெளியிட்டார். பெயர் வேர்டில். நவம்பர் முதல் தேதி அதை ஆடியவர்கள் 90 பேர்; இரண்டே மாதத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போது அதற்கு லாகின் கிடையாது, ஃபோன் நம்பர்கூடக் கேட்காது. ஆனாலும் மறுநாள் திறந்தால், தொடர்ந்து எத்தனை நாள் ஜெயித்திருக்கிறோம் என்ற கணக்கு பிசகாமல் வந்து நிற்கும்.

யாரென்றே தெரியாதவரின் கணக்கை அந்தத் தளம் எப்படி நினைவில் வைத்தது? வைக்கவேயில்லை. கணக்கு முழுவதும் ஆடுபவரின் பிரவுசருக்குள் இருந்தது.

வலைத்தளத்துக்கு இயல்பிலேயே ஞாபகம் கிடையாது. பக்கத்தைக் கேட்டால் சர்வர் கொடுக்கும். கொடுத்த கையோடு மறந்துவிடும். அடுத்த நொடியே திரும்பப் போனாலும் நீங்கள் அதற்குப் புது ஆள்தான். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி இதற்குக் கண்ட வழிதான் குக்கீ. கடை வாசலில் பையைக் கொடுத்துவிட்டு வாங்கும் டோக்கன் போன்றது அது. சர்வர் கொடுத்த குறிப்பை, அடுத்தடுத்த முறை போகும்போதெல்லாம் பிரவுசர் எடுத்துக் காட்டும். டோக்கன் சின்னதாகத்தானே இருக்க முடியும்? ஒரு குக்கீ கொள்வது சுமார் 4 கிலோபைட். பாதி எழுதிய கட்டுரையை அதில் வைக்க முடியாது.

அதற்குத்தான் லோக்கல் ஸ்டோரேஜ் வந்தது. ஒரு தளத்துக்குச் சுமார் 5 மெகாபைட் இடம். அதில் வைத்தது தானாகச் சர்வருக்குப் போகாது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அப்படியே இருக்கும். நீங்களே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். அப்ளிகேஷன் என்ற பகுதிக்குள் லோக்கல் ஸ்டோரேஜ் இருக்கும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அதன் மதிப்பு. ஒரு பெட்டிக்கடைக் கணக்கு நோட்டைவிட எளிமையான அமைப்பு.

இந்த எளிமையில் ஒரு பொறி உண்டு. லோக்கல் ஸ்டோரேஜுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், எண் தெரியாது. 41 என்று வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால், நாலும் ஒன்றும் அடுத்தடுத்து எழுதிய சரமாகத்தான் வரும். அதை எண்ணாக மாற்றாமல் ஜாவாஸ்கிரிப்டில் ஒன்றைக் கூட்டினால் விடை 42 அல்ல, 411. அதனால் நிரலாளர்கள் வைக்கும்போது எல்லாவற்றையும் ஜேசன் என்ற வடிவில் எழுத்தாக்கி, எடுக்கும்போது பழையபடி பிரித்துக்கொள்கிறார்கள். படங்கள், பெரிய ஆவணங்கள் என்றால் இன்டெக்ஸ்ட் டிபி என்ற பெரிய கிடங்கு தனியாக இருக்கிறது.

எப்போது சேமிப்பது என்பதும் முக்கியம். பக்கத்தை மூடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஃபோனில் ஏமாந்துபோவோம். வேறு செயலிக்குப் போனதும், பின்னால் கிடக்கும் பக்கத்தை ஃபோன் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடும். ஒருமுறை நீளமான விண்ணப்பம் ஒன்றை ஃபோனில் நிரப்பிக்கொண்டிருந்தேன். நடுவில் அழைப்பு வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் எல்லாக் கட்டமும் காலி. ஒவ்வொரு கட்டம் நிரம்பும்போதும் சேமிக்கும்படி நாலு வரி எழுதியிருந்தால் போதும். அதைச் செய்யாதது பயனாளியின் உழைப்பை மதிக்காத வேலை என்றே நினைக்கிறேன்.

பிரவுசரின் இந்த ஞாபகம் தளத்தின் முகவரியோடு ஒட்டியது. ஒரு முகவரியில் சேர்த்ததை இன்னொரு முகவரி தொட முடியாது. நம் பாதுகாப்புக்கான ஏற்பாடுதான். ஆனால் 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வேர்டிலை வாங்கி, பிப்ரவரியில் தன் முகவரிக்கு மாற்றியபோது இதுவே சிக்கலானது. பழைய கணக்கையும் கொண்டுபோக ஏற்பாடு செய்திருந்தும், சிலருடைய தொடர் வெற்றி அறுந்துபோனது.

ஃபோனில் சேர்ந்தது கம்ப்யூட்டருக்கு வராது; குரோமில் இருப்பது ஃபயர்பாக்ஸுக்குத் தெரியாது. மறைநிலைச் சாளரத்தில் செய்தது அதை மூடியதும் போய்விடும். சஃபாரி 2020 முதல் இன்னும் கறார்: பிரவுசரைப் பயன்படுத்திவரும் ஏழு நாளில் ஒரு தளத்தைத் தொடவே இல்லையென்றால், அந்தத் தளத்தின் நிரல் எழுதிவைத்ததை அழித்துவிடும்.

ஆகவே லாகின் இல்லாத தளத்தில் கதையோ கணக்கோ எழுதிவருகிறீர்கள் என்றால், வாரம் ஒருமுறையாவது அதைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் மெதுவாகிவிட்டது என்று பிரவுசர் ஹிஸ்டரியை அழிக்கும்போது, குக்கீ, தளத் தரவு என்றிருக்கும் வரியையும் ஒருமுறை படித்துவிட்டு அழுத்துங்கள்.